முடி வீடா, உணவா? ஸ்லொத் முடியின் குடிகளைக் கொழும்பில் இருந்தபடியே ஆராய ஒரு முழு வழிகாட்டி

மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி, மிக மெதுவாக நகரும் விலங்கு ஸ்லொத். அது இலங்கையில் இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளுக்கு வெளியே அது இயற்கையில் எங்கும் வாழ்வதில்லை. ஆனாலும் பாடசாலைகளில் விஞ்ஞானச் செயற்றிட்டம் கேட்கும் காலம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை, “சேர், ஸ்லொத்தின்ர முடியில பாசி முளைக்குமாம், அதைப் பற்றிச் செய்யலாமா?” என்று வந்து நிற்கும். தாராளமாகச் செய்யலாம். இணையத்தில் எடுத்த நாலு படத்தை பிரிஸ்டல் போர்டில் ஒட்டிக் கொடுப்பதுதான் வேண்டாம். ஸ்லொத் இல்லாமலே அதன் முடியில் நடப்பதில் பாதியை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடிவீட்டு யன்னலோரத்தில் நடத்திப் பார்க்கலாம்.

அதற்குக் கேள்வி ஒன்றைச் சரியாகப் பிடிக்க வேண்டும். முடியில் ஒன்று வளர்கிறது என்றால், அது முடியைத் தின்கிறதா, முடியில் குடியிருக்கிறதா? இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகிறது. உயர்தர உயிரியல் மாணவரை மனதில் வைத்து எழுதியது. சாதாரணதரப் பிள்ளைகள் 4ஆம் படியைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கச் செய்யட்டும்.

தொடங்குமுன்: ஸ்லொத் முடியில் என்ன இருக்கிறது

ஸ்லொத்களில் இரண்டு சாதி. மூவிரல் ஸ்லொத் பிராடிபஸ், இருவிரல் ஸ்லொத் கொலீப்பஸ். இரண்டின் முடியும் ஒரே மாதிரி இல்லை. மூவிரல் ஸ்லொத்தின் முடியில் குறுக்கு வெடிப்புகள் உண்டு. முடிக்கு வயது ஏற ஏற அவை அகலும். இருவிரல் ஸ்லொத்தின் முடியில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். மழைக்காட்டில் நனைந்த தண்ணீர் இந்த வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் தங்கும். தலைகீழாகத் தொங்கும் பிராணி என்பதால் முடியின் வகிடு வயிற்றில் எடுக்கிறது. வழியும் மழை முதுகுப் பக்கமாக ஓடிவிடும். இந்த உடலமைப்பைத் தெரியாமல் நுண்ணங்கிகளைப் பேசிப் பயனில்லை.

அந்த ஈரத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறம். அதற்குக் காரணமான பச்சை அல்காவுக்கு, அதாவது பாசிக்கு, பெயர் திரிக்கோபிலஸ் வெல்க்கெரி. 1887இல் அதை விவரித்துப் பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் அல்கா ஆய்வாளர் அன்னா வெபர்-வான் பொஸ். 2010இல் வெளிவந்த ஒரு டீ.என்.ஏ. ஆய்வு, அப்போது அறியப்பட்டிருந்த 6 ஸ்லொத் இனங்களிலிருந்தும் எடுத்த 71 முடி மாதிரிகளைச் சோதித்தது. திரிக்கோபிலஸ் ஸ்லொத்துக்கே உரியது போலத் தெரிந்தது. தாயிடமிருந்து குட்டிக்குப் போகிறது என்று கருத இடம் இருந்தது. அதோடு, மரப்பட்டையிலும் பாறையிலும் வாழும் சாதாரண நில அல்காக்களும் சில மாதிரிகளில் இருந்தன. பங்கசுகளும் (பூஞ்சணங்கள்) ஒருகல உயிர்களான சிலியேற்றுகளும் அகப்பட்டன. இந்த ‘சாதாரண நில அல்கா’ என்பதைக் குறித்து வையுங்கள். கொழும்பில் நமக்கு வழி திறப்பது அதுதான்.

வாங்கி வைக்க வேண்டியவை

- நுணுக்குக்காட்டி. பாடசாலையுடையது போதும். கிடைக்காவிட்டால் போல்ட்ஸ்கோப் என்ற மடிக்கும் காகித நுணுக்குக்காட்டியை வரவழைக்கலாம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு உருவாக்கியது அது. 10 மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றும் இருந்தால் நல்லது.
- நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடி வழுக்கிகள், மூடித்துண்டுகள், நிறமில்லாத நகப்பூச்சு, ஒளி ஊடுருவும் செலோடேப்.
- மூடியுள்ள சிறிய கண்ணாடிப் போத்தல்கள் 4, தட்டையான ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிகள் 4. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்தால் மலிவு.
- சலூனில் வெட்டிப்போட்ட முடி ஒரு பிடி. அதே சலூனில் நிறம் மாற்றுவதற்காக ப்ளீச் பண்ணிய முடியும் ஒரு பிடி கேளுங்கள். ஏன் என்பது 3ஆம் படியில்.
- தென்னந்தும்பு கொஞ்சம், மீன்பிடி தங்கூசி ஒரு முழம்.
- கையுறை, முகக்கவசம், சேர்ஜிக்கல் ஸ்பிரிட், வீட்டுக்குப் பாவிக்கும் ப்ளீச் திரவம்.

விலங்கு முடி வேண்டுமென்றால் ஆட்டுமுடி நல்லது. வீட்டுப் பூனையின் முடியும் சரி. ஆனால் உடலில் வட்டமாக முடி உதிர்ந்த இடம் உள்ள பூனையைத் தொட வேண்டாம், அது படர்தாமரையாக இருக்கலாம். தேவாங்கின் பக்கம் போகவே போகாதீர்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. மிருகக்காட்சிச்சாலை ஊழியரிடம் “ஒரு மயிர் மட்டும்” என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதும் வேண்டாம்.

படி 1: முடியை முதலில் பாருங்கள்

வழுக்கியில் நகப்பூச்சை மெல்லிய படையாகப் பூசுங்கள். அது இறுகத் தொடங்கும்போது ஒரு முடியை மேலே கிடத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு இடுக்கியால் உரித்தெடுங்கள். முடியின் மேற்பரப்பு அச்சாகப் பதிந்திருக்கும். அந்த அச்சை 100 மடங்கில் பார்த்தால் வெளிச் செதில்கள் தெரியும். மனித முடியில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, ஓரம் மட்டும் கோணல் கோடாக ஓடும். பூனை முடியில் செதில்கள் கூர்ந்து தனித்தனியாகத் துருத்தி நிற்கும். ப்ளீச் பண்ணிய முடியில் கோடுகள் அங்கங்கே சிதைந்து, சில இடங்களில் செதில் கிளம்பியிருக்கும்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் பல முடிகளைப் பாருங்கள். வேர்ப்பக்கம், நடு, நுனி என்று மூன்று இடத்திலும் அச்சு எடுத்து வரையுங்கள். நுனி எப்போதும் வேரைவிடத் தேய்ந்துதான் இருக்கும், ஏனென்றால் நுனிதான் முடியின் வயதான பகுதி. மூவிரல் ஸ்லொத்தின் முடியில் வெடிப்பு ஏன் வயதோடு கூடுகிறது என்று யாரும் விளக்காமலே உங்களுக்கு விளங்கும். நம்முடைய முடி ஸ்லொத்தின் முடிபோல வெடித்துப் பள்ளம் விடுவதில்லை. நமக்குக் கிடைக்கிற மிக நெருங்கிய மாற்று, ப்ளீச் பட்ட முடிதான்.

படி 2: கொழும்பின் அல்காவைப் பிடிப்பது

இந்தப் படிக்கு நடக்க வேண்டும். விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்கள், பத்தரமுல்லைப் பக்கம் தியசரு பூங்காவின் நடைபாதை ஓரம், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் பழைய மதில்கள், எந்த வளவிலும் நிற்கும் தென்னை. தேட வேண்டியது இரண்டு நிறம்.

ஒன்று பச்சை. பீலித் தண்ணீர் வழியும் சுவர்களில் இருக்கும். இதில் அல்காவோடு, ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியாவான சயனோபற்றீரியாவும் கலந்திருக்கும். கறுத்துக் காய்ந்து போன பொருக்கு பெரும்பாலும் பின்னதுதான். மற்றது செம்மஞ்சள். தென்னை மரத்திலும் பூச்சுப் போன மதிலிலும் துருப்பிடித்த மாதிரி, தொட்டால் வெல்வெட் போலப் படர்ந்திருக்கும். பலர் அதைத் துரு என்றே நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது ட்ரென்டெபோலியா. நிறம் செம்மஞ்சளாக இருந்தாலும் அதுவும் பச்சை அல்கா வகுப்புத்தான். கரோட்டின் நிறப்பொருள் மிகுந்து பச்சையத்தை மறைத்துவிடுகிறது. 2001இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்குக் காரணம் என்று அரசாங்க ஆய்வு சொன்னது இதே சாதியின் வித்திகளைத்தான். ஸ்லொத் முடியில் அகப்பட்ட நில அல்காக்களிலும் இதன் உறவுக்காரர் உண்டு. ஆக, அமெரிக்கக் காட்டின் முடிக்கும் வெள்ளவத்தை மதிலுக்கும் பொதுவான ஒரு குடும்பத்தை நீங்கள் விரலால் தொட்டுவிட்டீர்கள்.

செலோடேப் துண்டை அந்தப் படர்வில் மெல்ல அழுத்தி எடுத்து, ஒரு துளி தண்ணீர் விட்ட வழுக்கியில் ஒட்டிப் பாருங்கள். கிளைவிட்ட இழைகள், ஒவ்வொரு கலத்துக்குள்ளும் செம்மஞ்சள் எண்ணெய்த் துளிகள், சில நுனிகளில் உருண்டையான வித்திக்கலன்கள். நிழலில் வளர்ந்த இழையின் ஓரங்களில் பச்சை எட்டிப் பார்க்கும். இரண்டு நிறத்திலும் கொஞ்சம் பல்குத்தியால் சுரண்டி, கொதித்து ஆறிய தண்ணீர் உள்ள சிறு போத்தலில் போட்டு, ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பூங்காவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மேல் சுரண்ட வேண்டிய தேவை இல்லை.

படி 3: முடியை வீடாக்குங்கள்

நான்கு சிறு கற்றைகள் கட்டுங்கள்: சாதாரண முடி, ப்ளீச் பண்ணிய முடி, தும்பு, தங்கூசி. நான்கும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே தடிப்பு. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் எண்ணெய் போகக் கழுவி, பலமுறை அலசி, காயவிடுங்கள்.

தும்பும் தங்கூசியும் இங்கே எதற்கு? முடி கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. தும்பில் செலுலோசும் லிக்னினும். தங்கூசி வெறும் நைலோன். அல்கா தும்பிலும் தங்கூசியிலும் வளருமானால், அது கெரற்றினுக்காக வரவில்லை, ஒட்டிக்கொள்ள இடமும் ஈரமும் தேடித்தான் வந்தது என்று சொல்லலாம். செயற்றிட்டத்துக்கு மதிப்பெண் வாங்கித் தருவது இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனைதான். அழகான படங்கள் அடுத்தது.

அல்கா கலந்த தண்ணீரைக் குலுக்கி, ஒவ்வொரு கற்றையிலும் ஒரே எண்ணிக்கைத் துளிகள் விடுங்கள். போத்தலின் அடியில் ஒரு விரல் அகலத் தண்ணீர் ஊற்றி, கற்றை தண்ணீரில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். வெளிச்சம் வரும், ஆனால் வெயில் நேராக அடிக்காத யன்னலோரம். நேர்வெயிலில் போத்தலுக்குள் எல்லாம் அவிந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கற்றைக்கும் தண்ணீர் தெளித்து, அது காய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். சாதாரண முடி தண்ணீரை உதறிவிடும், ப்ளீச் முடி பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும். வளர்ச்சியைப் பார்க்குமுன்பே இந்த வித்தியாசம் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நான்கைந்து வாரம் பொறுக்க வேண்டும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களும், ஒக்டோபர், நொவெம்பர் மழைக்காலமும் இதற்கு வசதி. ட்ரென்டெபோலியா மிக மெதுவாக வளரும், பச்சை முந்திக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கற்றையிலும் ஒரு நாரை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, அல்கா எங்கே ஒட்டியிருக்கிறது என்று குறியுங்கள்: மழமழப்பான பரப்பிலா, செதில் கிளம்பிய இடத்திலா, இரண்டு நார்கள் தொடும் மூலையிலா. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் இங்கே பேசும்.

படி 4: முடியை உணவாக்குங்கள்

இது பங்கசுகளின் படி. கவனம் அதிகம் வேண்டிய படியும் இதுதான்.

மண்ணில் கெரற்றினைத் தின்று வாழும் பங்கசுகள் உண்டு. முடி, இறகு, நகம், கொம்பு எல்லாம் கடைசியில் மண்ணோடு மண்ணாவது பெரும்பாலும் இவற்றின் வேலை. கெரற்றின் எளிதில் கரையாது. அதன் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைத்துப் புரதத்தை வெட்டும் நொதியங்கள் இவற்றிடம் இருக்கின்றன. இவற்றைப் பிடிக்க முடியையே இரையாக வைக்கும் முறையை 1952இல் பெல்ஜியப் பங்கசு ஆய்வாளர் ரேமன் வான்ப்ரூசெகெம் வெளியிட்டார். இன்றும் ஆய்வுகூடங்களில் அதே முறைதான், செலவே இல்லை.

மண் எடுக்கும் இடம் முக்கியம். இறகும் முடியும் விழும் இடமாக இருக்க வேண்டும்: மாலையில் காகங்கள் வந்து அடையும் மரத்தடி, ஆடு கட்டும் வளவு, கோழிக்கூட்டின் பக்கம். காகத்துக்குக் கொழும்பில் பஞ்சமா? முகக்கவசம், கையுறை போட்டு, மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குள் எடுங்கள்.

1. முடியையும் தும்பையும் தங்கூசியையும் ஒரு அங்குலத்துக்குக் குறைவாக வெட்டி, தனித்தனியாக அலுமினியத் தாளில் பொதிந்து, பிரஷர் குக்கரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து 20 நிமிடம் ஆவியில் விடுங்கள். 121 பாகை செல்சியஸ் அளவில் ஏற்கனவே ஒட்டியிருந்த வித்திகள் அழிந்துவிடும். அலுமினியப் பொதி சுத்தமாகக் கழுவிய சலூன் முடிதான் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் நன்மைக்கு.
2. மூன்று பெட்டிகளில் பாதியளவு மண் இட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது.
3. ஒன்றில் முடி, ஒன்றில் தும்பு, ஒன்றில் தங்கூசி தூவுங்கள். நான்காவது பெட்டியில், முன்கூட்டியே அலுமினியத்தாளில் பொதிந்து ஒரு மணித்தியாலம் ஆவியில் வைத்த மண்ணும் முடியும். பங்கசு மண்ணிலிருந்துதான் வருகிறதா என்று காட்டுவது இந்தப் பெட்டி.
4. மூடியில் ஊசித்துளை நாலைந்து போட்டு, அவற்றைப் பஞ்சால் அடைத்து, மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டுங்கள். பெயர், இடம், திகதி எழுதுங்கள். சமையலறை, படுக்கையறை இரண்டும் வேண்டாம். இருட்டான அலுமாரித் தட்டு போதும். கொழும்பின் அறை வெப்பம் இதற்கு அப்படியே பொருந்தும், அடைகாப்புக் கருவி தேவையில்லை.

இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முடிமீது வெள்ளையாகவோ மங்கல் மஞ்சளாகவோ மாவு தூவியது போன்ற வளர்ச்சி வர வேண்டும். தும்பிலும் ஏதாவது வளரும், ஆனால் அவை செலுலோசைத் தின்பவை. நிறமும் நெருக்கமும் வேறாக இருக்கும். தங்கூசி ஏறத்தாழச் சும்மா கிடக்கும். 3ஆம் படியின் முடிவோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அங்கே நார் எதனால் ஆனது என்பதை அல்கா பார்ப்பதில்லை, ஈரமும் ஒட்டிக்கொள்ள இடமும் இருந்தால் போதும், இங்கே பங்கசு ஆள் பார்த்துத்தான் வருகிறது.

வீட்டில் பெட்டியைத் திறக்க வேண்டாம். இப்படி வளர்பவற்றில் நனிசியா ஜிப்சியா போன்றவை மனிதருக்குப் படர்தாமரை தரக்கூடியவை. மூடி வழியாகக் கைவில்லையாலும் தொலைபேசிக் கமெராவாலும் பாருங்கள். முடித்துண்டை எடுத்து, லக்டோபீனோல் கொட்டன் புளூச் சாயம் இட்டு வழுக்கி செய்வதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யுங்கள். அப்படிப் பார்க்கக் கிடைத்தால், நீலமாகச் சாயமேறிய இழைகள் முடியின் பக்கவாட்டில் ஆப்பு அடித்தது போலத் துளைத்து உள்ளே இறங்கியிருப்பதைத் தேடுங்கள். சில இனங்கள் அப்படித் துளைக்கும், சில மேலிருந்து அரிக்கும்.

படி 5: அந்துப்பூச்சியை மறக்காதீர்கள்

ஸ்லொத் முடியில் அந்துப்பூச்சிகளும் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றான கிரிப்டோசிஸ் கொலீப்பியின் வாழ்க்கை 1976இல் வெளிச்சத்துக்கு வந்தது. மூவிரல் ஸ்லொத் வாரத்துக்கு ஒருமுறை அளவில் மரத்தை விட்டு இறங்கி மலம் கழிக்கும். அப்போது பெண்பூச்சி முடியிலிருந்து இறங்கி அந்த மலத்தில் முட்டையிடும். புழு வளர்வது மலத்தைத் தின்று. வளர்ந்த பூச்சி பறந்துபோய் ஒரு ஸ்லொத்தைத் தேடிக்கொள்ளும். முடியைத் தின்னும் கட்டமே அதன் வாழ்வில் இல்லை.

இதற்கு எதிர்மாதிரி உங்கள் வீட்டுச் சுவரிலேயே ஊர்கிறது. இரண்டு முனையும் கூராக, தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு சிறு மண்பை. அதன் எந்த முனையாலும் ஒரு புழு தலையை நீட்டும். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். சிலந்தி வலை, கம்பளி, உதிர்ந்த முடி எல்லாவற்றையும் தின்னும். கட்டிலுக்கு அடியில் பாருங்கள், ஒன்றாவது கிடைக்கும். கொஞ்சம் முடியோடு ஒரு போத்தலில் போட்டு, அரித்த நுனிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் 4ஆம் படியின் பங்கசு அரிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

படி 6: அறிக்கை எழுதும்போது

ஸ்லொத் பற்றிய பகுதியில் மூன்று ஆய்வுகளைச் சேர்த்தால் போதும். மூன்றையும் அளந்து எழுதுங்கள்.

முதலாவது பனாமாவின் சொபெரானியா தேசியப் பூங்காவில் மூவிரல் ஸ்லொத்களிலிருந்து பங்கசு எடுத்த 2014 ஆய்வு. 84 தனிவளர்ப்புகள் கிடைத்தன, டீ.என்.ஏ. ஒப்பீட்டில் அவை 28 பிரிவுகளாக அமைந்தன. எல்லாமே அஸ்கோமைக்கோற்றா என்ற பெரும் பங்கசுப் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றில் 74ஐத் திரவத்தில் வளர்த்துச் சாறெடுத்துச் சோதித்தபோது, மலேரியாக் கிருமி, அமெரிக்க வெப்பவலயத்தில் பூச்சிகளால் பரவும் சாகஸ் நோயின் கிருமி, மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் ஆகியவற்றுக்கு எதிராகச் சில சாறுகள் வேலை செய்தன. பற்றீரியாவுக்கு எதிராகச் சோதித்த 50இல் 20 குறைந்தது ஒரு வகையையாவது தடுத்தன. இதைப் படித்துவிட்டு ‘ஸ்லொத் முடியில் புற்றுநோய்க்கு மருந்து’ என்று தலைப்புப் போடும் ஆசை வரும். போடாதீர்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கலத்தைக் கொல்வது ப்ளீச்சாலும் முடியும். மருந்தாவதற்கு அதைத் தாண்டி எத்தனையோ வாசல் இருக்கிறது.

இரண்டாவதும் 2014தான். முடியில் அந்துப்பூச்சி கூடினால் கனிம நைதரசன் கூடுகிறது, அல்காவும் கூடுகிறது, ஸ்லொத் அந்த அல்காவைத் தின்று பலன் பெறுகிறது, அதற்காகத்தான் உயிரைப் பணயம் வைத்து மரத்தை விட்டு இறங்குகிறது என்று வாதாடிய ஆய்வு. கதை அவ்வளவு அழகு என்பதால் இணையம் முழுக்க உண்மை என்றே ஓடுகிறது. ஆனால் ஸ்லொத் தன் அல்காவை உண்மையில் உணவாக நம்பி வாழ்கிறதா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அறிக்கையில் ‘கருதுகோள்’ என்ற சொல்லோடு எழுதுங்கள்.

மூன்றாவது கொஸ்ரா ரிக்காவில் இருவகை ஸ்லொத்களின் முடியிலும் பற்றீரியாக்களைத் தேடிய 2022 ஆய்வு. பிரெவிபற்றீரியம், ரோதியா ஆகிய சாதிகளில் மற்ற நுண்ணங்கிகளை அடக்கும் பொருள்களைச் சுரக்கும் வகைகள் இருந்தன. இத்தனை ஈரமும் இத்தனை பங்கசும் உள்ள முடியின் அடியில் தோல் எப்படிச் சுகமாக இருக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம்.

உங்கள் முடிவை ஸ்லொத்தின் மேல் ஏற்றாமல் எழுதுவது மரியாதை. ‘மனித முடியில் இப்படி வளர்ந்தது’ என்பது வரைதான் உங்களுக்கு உரிமை. தங்கூசியில் அல்கா ஒட்டவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். மழமழப்பான பரப்பு வீடாகாது என்பதற்கு அதுவே சான்று.

படி 7: அழித்துத் துப்புரவாக்குதல்

3ஆம் படியின் போத்தல்களைச் சவர்க்காரத்தில் கழுவினால் போதும். 4ஆம் படியின் பெட்டிகளை அப்படி விடக்கூடாது. திறந்தவெளியில், கையுறை, முகக்கவசத்தோடு, மூடியைச் சற்றே தூக்கி, மண் முழுவதும் மூழ்கும்வரை நீர்கலக்காத ப்ளீச்சை ஊற்றி மூடிவிடுங்கள். மண் ப்ளீச்சின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் ஒரு முழு நாள் ஊறட்டும். பின்னர் பெட்டியோடு இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டியைக் கழுவிச் சம்பல் வைக்கப் பாவிக்கும் யோசனை வேண்டாம். மேசையைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள்; ஆனால் ப்ளீச்சையும் ஸ்பிரிட்டையும் ஒன்றோடு ஒன்று கலக்கவோ, ஒன்று காயுமுன் அதே இடத்தில் மற்றதை ஊற்றவோ கூடாது, நச்சுப் பொருள்கள் உண்டாகும். கையைச் சவர்க்காரத்தால் முழங்கைவரை கழுவுங்கள். அடுத்த சில வாரத்தில் தோலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் கடைக்களிம்பு பூசிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போய், என்ன செயற்றிட்டம் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.